ஏலகிரி டிரிப்புக்கு நாலு வாரம்: சனிக்கிழமை குவாட்டரை விடாமல் தொப்பையைக் குறைக்க முடியுமா?

டிரிப் ஃபிக்ஸ் ஆனதும் வாட்ஸ்அப் குரூப்பில் மூணு விஷயம் வரிசையாக நடக்கும். முதலில் ஏலகிரியா, பாண்டிச்சேரியா, கோவாவா என்று ஓட்டெடுப்பு. அடுத்து ரூம் பட்ஜெட். மூணாவதாக யாராவது ஒருத்தர் போன வருஷ ஃபோட்டோவைத் தூக்கிப் போட்டு, "மச்சான், இந்தத் தொப்பையோட இந்த வாட்டி வரக் கூடாதுடா" என்பார். அன்று சாயங்காலமே ரெண்டு பேர் ஜிம்மில் பணம் கட்டியிருப்பார்கள். ஒருத்தர் சோறை விட்டுவிட்டதாக அறிவிப்பார். அந்த வாரம் சனிக்கிழமை வழக்கம்போல எல்லோரும் சேருவார்கள், வழக்கம்போல குவாட்டர் வரும்.

ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கம் ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மெர்ச்சண்டைசிங், குவாலிட்டி, எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் என்று பாதிப் பேருக்கு நாற்காலி வேலை. வாரம் ஆறு நாள் ஓடி, ஞாயிறு ஒருநாள் ஓய்வு. அதனால் சனிக்கிழமை ராத்திரிக்குத் தனி மரியாதை.

கேள்வி இதுதான்: சனிக்கிழமையை அப்படியே வைத்துக்கொண்டு, மீதி ஆறு நாளும் ஒழுங்காக இருந்தால் நாலு வாரத்தில் உடம்பு குறையுமா? குறையும். ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பதில் பாதிகூட இருக்காது. அந்த மீதி எங்கே காணாமல் போகிறது என்று பார்க்கலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மதுவைத் தொடாத குடும்பங்கள் ஏராளம். 2019-21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான் குடிப்பவர். குடிக்காத மூணு பேரில் ஒருத்தர் நீங்கள் என்றால், டிரிப்புக்காகத் தொடங்க எந்தக் காரணமும் இல்லை. கூல் டிரிங்ஸ், மிக்சர் பற்றிக் கீழே வரும் பகுதியை மட்டும் படித்தால் போதும். அது உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கு, பாட்டிலில் இல்லை

அஞ்சு ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பினால்கூட எவ்வளவு கலோரி, எவ்வளவு சர்க்கரை என்று அட்டவணை இருக்கும். மது பாட்டிலில் அப்படி ஒரு அட்டவணை போட வேண்டிய கட்டாயம் இல்லை. எச்சரிக்கை இருக்கும், ஆல்கஹால் சதவீதம் இருக்கும், அவ்வளவுதான். ஆப்பில் சாப்பாட்டுக் கணக்கு எழுதுபவர்கள்கூட சனிக்கிழமையைக் காலியாக விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்தச் சதவீதம் போதும், கணக்கை நாமே போட்டுக்கொள்ளலாம். குடிக்கும் மில்லியை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். அதை 0.8-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் எத்தனை கிராம் என்று வரும் (ஆல்கஹால் தண்ணீரைவிட எடை குறைவு, அதற்குத்தான் இந்த 0.8). ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. சர்க்கரையிலும் புரதத்திலும் கிராமுக்கு 4, கொழுப்பில் 9. அதாவது எண்ணெய்க்கு அடுத்த இடம் சரக்குக்கு.

நம்மூரில் அதிக மவுசு பிராந்திக்குத்தான். 42.8% உள்ள 180 மில்லி குவாட்டரில் 61 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, சுமார் 430 கலோரி. நடுத்தர இட்லிக்கு 60 கலோரி வைத்தால் ஏழு இட்லி. ஏழு இட்லி சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். குவாட்டர் அடித்தால் பசிதான் எடுக்கும். வித்தியாசம் அங்கே தொடங்குகிறது.

"பிராந்திதானே ஹெவி, நான் பீர் மட்டும்தான்" என்பவர்கள் ஒவ்வொரு குரூப்பிலும் உண்டு. 5% உள்ள 650 மில்லி பீரில் ஆல்கஹாலில் இருந்து மட்டும் 180 கலோரி. அதோடு பீரில் இருக்கும் மாவுச்சத்தைச் சேர்த்தால் 270-280 ஆகிவிடும். 8% ஸ்ட்ராங் பீர் என்றால் 380 பக்கம். ரெண்டு ஸ்ட்ராங் பீர் அடித்தவர், குவாட்டர் அடித்தவரைவிட முந்நூறு கலோரிக்கு மேல் கூடுதலாக உள்ளே தள்ளியிருக்கிறார், அதுவும் "லைட்டா" என்று சொல்லிக்கொண்டே.

வோட்கா வெள்ளையாக இருப்பதால் தொப்பை போடாது, வைன் உடம்புக்கு நல்லது, ஜின் டயட் சரக்கு என்று ரீல்ஸில் வருவதெல்லாம் இதே கணக்குக்குள் அடங்கிவிடும். நிறம் எதுவானாலும் 42.8% என்றால் 60 மில்லிக்கு 140 சொச்சம் கலோரிதான். ஒரு கிளாஸ் வைன் (150 மில்லி) 120 கலோரிக்குக் கொஞ்சம் மேலே.

சரக்கு கொழுப்பாக மாறுகிறதா?

பலரும் நினைப்பது இப்படி: குடித்தது நேராகப் போய் வயிற்றில் கொழுப்பாகச் சேருகிறது. உண்மையில் அப்படி மாறுவது ரொம்பக் கொஞ்சம். 1999-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் (பெர்க்லி) சேர்ந்த ஆய்வாளர்கள் எட்டு ஆண்களுக்கு 24 கிராம் ஆல்கஹால் கொடுத்துச் சோதித்தார்கள். நம் கணக்கில் 70 மில்லி பிராந்தி. அதில் கொழுப்பாக மாறியது 5 சதவீதத்துக்கும் குறைவு.

இதைக் கேட்டதும் "பாத்தியாடா" என்று ஸ்க்ரீன்ஷாட் எடுக்க வேண்டாம். அதே ஆய்வில் வேறொன்றும் தெரியவந்தது. குடித்த பிறகு அந்தச் சில மணி நேரத்துக்கு உடம்பு கொழுப்பை எரிக்கும் வேகம் 73 சதவீதம் குறைந்துபோனது.

ஏன் அப்படி? ஆல்கஹாலைச் சேமித்து வைக்க உடம்பில் இடமே கிடையாது. சர்க்கரையைக் கல்லீரலிலும் தசையிலும் வைக்கலாம், கொழுப்பைத் தோலுக்கடியில் வைக்கலாம். ஆல்கஹால் உள்ளே வந்தால் அதை எரித்துத் தீர்த்தாக வேண்டும், ஏனென்றால் அது நச்சு. கல்லீரல் அதை முதலில் அசிடால்டிஹைடாக மாற்றும், பிறகு அசிடேட்டாக மாற்றி ரத்தத்தில் விடும். தசைகள் அந்த அசிடேட்டை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். ரேஷன் கடை கியூவில் ஒருத்தர் நேராக முன்னால் போய் நின்றுவிட்டால் பின்னால் நிற்பவர்கள் காத்திருப்பதுபோல, கொழுப்பு காத்திருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் சாப்பிடும் சிக்கன் 65-யில் இருக்கும் எண்ணெய்க்கு எரியும் வேலையே இல்லை. அது போய்ச் சேரும் இடத்துக்குச் சேர்ந்துவிடும்.

ஆக, தொப்பையில் உட்காருவது பெரும்பாலும் சைட் டிஷ். அதை உட்கார வைப்பது சரக்கு.

சைட் டிஷ் எங்கிருந்து வருது?

குடித்தால் ஏன் இப்படிப் பசிக்கிறது என்பதும் வெறும் பழக்க தோஷம் இல்லை. 2017-ல் லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் எலிகளுக்கு ஆல்கஹால் கொடுத்துப் பார்த்தார்கள். பட்டினி கிடக்கும்போது மூளையில் பசியைத் தூண்டும் நரம்பணுக்கள், வயிறு நிறைந்திருந்தும் ஆல்கஹாலால் தூண்டப்பட்டன. எலிகள் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டன. பக்கத்தில் "மாமா, ஒரு ஆம்லெட் சொல்லு" என்று சொல்ல ஆள் இல்லாமலேயே.

நமக்கு ஆளும் உண்டு, ஆம்பூரும் உண்டு. நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டும் யாரும் ஆம்பூரைச் சும்மா தாண்டிப் போவதில்லை. சீரக சம்பாவில் செய்த பிரியாணி, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் என்று ஊரின் பெயரே சாப்பாட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரியாணி மேல் பழி போடுவது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை (போட்டால் ஊருக்குள் நுழைய முடியாது). மத்தியானம் பசித்து ஒரு பிளேட் சாப்பிட்டால் அது ஒரு வேளைச் சாப்பாடு. ராத்திரி பதினொன்றரைக்கு, மிக்சரும் சிக்கனும் போன பிறகு, அதே பிளேட் நாலாவது வேளை.

ஒரு சாதாரண சனிக்கிழமையைக் கணக்குப் போடுவோம். ஒரு குவாட்டர் 430. அதில் கலக்க 250 மில்லி கோலா ரெண்டு: ஒவ்வொன்றிலும் சுமார் 26 கிராம் சர்க்கரை, ரெண்டும் சேர்த்து 210 கலோரி. பேசிக்கொண்டே கைவிட்டு அள்ளிய மிக்சர் 100 கிராம், சுமார் 530. ஒரு சின்ன பிளேட் சிக்கன் 65, குறைத்துப் போட்டாலும் 300. மொத்தம் 1,470. இன்னும் டின்னர் வரவில்லை என்பதைக் கவனிக்கவும்.

70 கிலோ எடை உள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் தோராயமாக 70 கலோரி செலவாகும். 1,470-ஐ ஓடித் தீர்க்க 21 கிலோமீட்டர். ஆம்பூரில் கிளம்பி, வாணியம்பாடி தாண்டியும் ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ட்ரெட்மில்லில் இருபது நிமிஷம் நடந்துவிட்டு "பர்ன் பண்ணிட்டேன்" என்பதெல்லாம் மனசாட்சிக்கான வேலை.

நாலு வாரக் கணக்கு

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். திங்கள் முதல் சனிக்கிழமை சாயங்காலம் வரை நீங்கள் ரொம்ப ஒழுங்கு. தினமும் உடம்புக்குத் தேவையானதைவிட 400 கலோரி குறைத்துச் சாப்பிடுகிறீர்கள். ஆறு நாளில் 2,400 மிச்சம். ஞாயிறு வழக்கமான சாப்பாடு. ஒரு கிலோ உடல் கொழுப்பு குறையத் தோராயமாக 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும்.

சனிக்கிழமைக் கச்சேரி இல்லாவிட்டால் நாலு வாரத்தில் 9,600 கலோரி. ஒன்றேகால் கிலோ கொழுப்பு போயிருக்கும். கேட்க சின்ன நம்பராகத் தெரியலாம். ஆனால் இடுப்பில் கண்ணுக்குத் தெரியும்.

கச்சேரி இருந்தால்? வாரத்துக்கு 2,400-ல் 1,470 போய், மிச்சம் 930. நாலு வாரத்துக்கு 3,720. அரை கிலோகூடத் தேறாது. ஆறு நாள் சோறை அளந்து, சாயங்கால டீயில் சர்க்கரை விட்டு, ஆபீஸ் பிறந்தநாள் கேக்கை வேண்டாம் என்று சொல்லி மிச்சம் பிடித்ததில் அறுபது சதவீதம் மூணு மணி நேரத்தில் போயிற்று. இதற்கு மேல் ஒரு புதன்கிழமை "சும்மா ஒரு பீர்" சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

உடம்பைக் குறைக்க முயன்று தோற்ற பலரும் "எனக்கு மெட்டபாலிசம் ஸ்லோ" என்பார்கள். சிலருக்கு அது உண்மையாக இருக்கலாம். மற்றவர்களுக்கு சனிக்கிழமைதான் பதில்.

"அப்போ சாப்பாட்டை விட்டுட்டு சரக்கு மட்டும் அடிச்சா?"

இந்த யோசனை வராமல் இருக்காது. 16 மணி நேரம் விரதம், எட்டு மணி நேரம் சாப்பாடு என்று இருப்பவர்கள், ராத்திரி சரக்கு அடிக்க வேண்டும் என்பதற்காக மத்தியானச் சாப்பாட்டையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். கலோரி கணக்கு நேராகிவிட்டதாக நினைப்பு. இந்தக் கட்டுரையில் இருக்கும் மற்றதெல்லாம் ஒரு ஃபோட்டோ நன்றாக வருமா என்ற அளவில்தான். இது மட்டும் ஆஸ்பத்திரி வரை போகக்கூடியது.

காலி வயிற்றில் ஆல்கஹால் சீக்கிரம் சிறுகுடலுக்கு இறங்கி வேகமாக ரத்தத்தில் ஏறும். அதே குவாட்டர், ஆனால் போதையின் உச்சம் அதிகம். இன்னொன்று சர்க்கரை. நாம் சாப்பிடாமல் இருக்கும்போது ரத்தத்தில் சர்க்கரை விழாமல் பார்த்துக்கொள்வது கல்லீரல்தான். முதலில் தன்னிடம் இருக்கும் கையிருப்பை விடும், அது தீர்ந்தால் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும். ஆல்கஹாலை எரிக்கும் வேலையில் இருக்கும்போது இந்தத் தயாரிப்பு தடைப்படும். நாள் முழுக்கப் பட்டினி, மேலே சரக்கு என்றால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், உளறல், மயக்கம் எல்லாம் வரும். பார்ப்பவர்களுக்கு அது போதை மாதிரியேதான் தெரியும். "ஓவரா போட்டுட்டான், தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அளவுக்கு மீறிக் குடித்தால் வேறு ஒரு சிக்கல், ரத்தத்தில் அமிலம் ஏறும். முப்பது வயதிலேயே சர்க்கரை மாத்திரை தொடங்கியவர்கள் நம் நண்பர்களிலேயே இருப்பதால் இதைக் குரூப்பில் ஒருமுறை சத்தமாகச் சொல்லி வைப்பது நல்லது.

கொழுப்புக் கணக்கிலும் இந்தத் தந்திரம் எதிர்பார்க்கும் பலனைத் தருவதில்லை. 1992-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஒரு ஆய்வில், ஒருமுறை சாப்பாட்டோடு கூடுதலாக ஆல்கஹால் கொடுத்தார்கள், இன்னொருமுறை சாப்பாட்டில் ஒரு பகுதியைக் குறைத்து அதற்குப் பதில் ஆல்கஹால் கொடுத்தார்கள். இரண்டு தடவையும் அந்த 24 மணி நேரத்தில் கொழுப்பு எரிவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சாப்பாட்டை விட்டதால் கூடவே போவது புரதம். நாலு வாரத்தில் தசையைக் கரைத்துவிட்டுத் தொப்பையை அப்படியே வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

ஜிம் போறவங்களுக்கு

சனிக்கிழமை சாயங்காலம் ஹெவி ஒர்க்அவுட், நேராக அங்கிருந்து கச்சேரி. இது பலருடைய டைம் டேபிள். 2014-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதையே சோதித்தார்கள். நன்றாக உடற்பயிற்சி செய்யும் எட்டு ஆண்கள், பயிற்சி முடிந்ததும் புரதமும் கொடுத்து ஆல்கஹாலும் கொடுத்தபோது, தசையில் புதிதாகப் புரதம் உருவாகும் வேகம் 24 சதவீதம் குறைந்தது. புரதம் இல்லாமல் மாவுச்சத்தோடு கொடுத்தபோது 37 சதவீதம். கொடுத்த அளவு பெரிது என்பதையும் சொல்ல வேண்டும்: 70 கிலோ ஆளுக்கு ஒண்ணே முக்கால் குவாட்டர் மாதிரி. ஒரு பெக்குக்கு இவ்வளவு பாதிப்பு இருக்கும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் "ப்ரோட்டீன் ஷேக் குடிச்சிட்டேன், இனி எவ்வளவு அடிச்சாலும் சரி" என்பதற்கும் இடமில்லை.

தூக்கமும் இதில் மாட்டிக்கொள்ளும். குடித்தால் படுத்ததும் தூக்கம் வரும், உண்மைதான். ஆனால் ராத்திரியின் பின்பாதியில் அடிக்கடி விழிப்பு வரும், கனவுத் தூக்கம் குறையும். தூக்கம் கெட்ட மறுநாள் பசி கூடும். அன்றைக்குத்தான் காலையில் பூரி, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் பஜ்ஜி. இந்த ஞாயிற்றுக்கிழமைச் செலவை மேலே போட்ட கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை.

"காலையில ஜிம்முக்குப் போய் வேர்வையில இறக்கிடுவேன்" என்பதும் நடக்காது. ஆல்கஹாலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கல்லீரல்தான் தீர்க்க வேண்டும். மூச்சு, சிறுநீர், வேர்வை எல்லாம் சேர்ந்து வெளியேற்றுவது மிச்சம் இருக்கும் சொற்பத்தை. திருப்பத்தூர், வேலூர் பக்கம் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பை மறுபடி வேர்க்க வைப்பது தலைச்சுற்றலில்தான் முடியும்.

இதிலேயே ஒரு சின்ன ஏமாற்று வேலையும் இருக்கிறது. குடித்த மறுநாள் காலை எடை போட்டுப் பார்த்தால் சில சமயம் குறைவாகக் காட்டும். சந்தோஷப்பட வேண்டாம், போனது தண்ணீர். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடுவதால் ராத்திரி முழுக்க பாத்ரூம் ஓட்டம். அடுத்த ரெண்டு நாளில் ஊறுகாயும் மிக்சரும் கொடுத்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்க, முகம் உப்பி, எடை பழைய இடத்தையும் தாண்டி நிற்கும். திங்கட்கிழமை எடை பார்த்து மனசு உடைந்து டயட்டை விட்டவர்கள் இதை ஒரு தடவை யோசித்துப் பார்க்கலாம்.

சரி, என்னதான் பண்றது?

நாலு வாரம்தான் இருக்கிறது, உடம்பு குறைந்தே ஆக வேண்டும் என்றால் நாலு வாரமும் நிறுத்துவதுதான் வேலை செய்யும் வழி. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னதும் இதன் பக்கம்தான்: இவ்வளவு குடித்தால் உடம்புக்குப் பாதிப்பில்லை என்று சொல்லும்படியான அளவு எதுவும் கிடையாது. புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் ஆல்கஹால் 1988 முதலே இருக்கிறது.

நிறுத்த முடியாது, குரூப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, கணக்கைக் குறைக்க இடம் இருக்கிறது. குவாட்டருக்குப் பதில் 90 மில்லி கட்டிங், சுமார் 215 கலோரி. கோலாவுக்குப் பதில் சோடாவோ தண்ணீரோ, பூஜ்யம். (சரக்கில் கலக்கும் ஆப்பிள் ஜூஸும் மாங்காய் ஜூஸும் சர்க்கரைதான், பழம் என்று ஏமாற வேண்டாம்.) மிக்சருக்குப் பதில் அவித்த முட்டை ரெண்டு, 150. வேகவைத்த கொண்டைக்கடலை சுண்டல் 100 கிராம், 165. மொத்தம் 530. இதை நாலு வாரமும் செய்தால்கூட ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்திருக்கும். நம்மூர் பாரில் அவித்த முட்டை, சுண்டல், வெள்ளரிக்காய், கொய்யா எல்லாம் எப்போதும் கிடைக்கிறது என்பது ஒரு வசதி. நாம்தான் மெனுவில் கீழே போய் சிக்கன் லாலிபாப் தேடுகிறோம்.

இதில் கஷ்டமானது சைட் டிஷ்ஷை மாற்றுவது இல்லை, கட்டிங்கோடு நிறுத்துவது. ரெண்டாவது பெக்குக்குப் பிறகு யாரும் கணக்குப் போடுவதில்லை. அதனால் முடிவைக் குடிப்பதற்கு முன்னாடியே எடுக்க வேண்டும்: எவ்வளவு வாங்குவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, வீட்டுக்கு எப்படிப் போவது. ராத்திரி ஏழரைக்கே வீட்டில் சப்பாத்தியும் முட்டைக்கறியும் மாதிரிப் புரதம் உள்ள ஒரு சாப்பாட்டை முடித்துவிட்டுப் போனால் பதினொன்றரை மணி பிரியாணிக்கு வேலை இல்லை. காலி வயிற்றுப் பிரச்சினையும் இல்லை. ரெண்டு பெக்குக்கு நடுவே ஒரு டம்ளர் தண்ணீர். வீட்டில் ஊற்றினால் அளந்து ஊற்றவும். கண்ணால் பார்த்து ஊற்றும் "ஒரு பெக்" அநேகமாக 60-ஐத் தாண்டியிருக்கும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. அதே எடை, அதே அளவு என்றாலும் பெண்களின் உடம்பில் நீரின் பங்கு குறைவு என்பதால் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு கூடுதலாக ஏறும். நண்பர்களோடு பெக்குக்கு பெக் போட்டி போடும் கணக்கு அங்கே செல்லாது.

எடை மெஷினோடு ஒரு டேப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். நம் உடல்வாகுக்கு ஆண்கள் இடுப்பளவு 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 தாண்டினால் சர்க்கரை, இதய நோய் ஆபத்து கூடுகிறது என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல். தண்ணீர் ஏறி இறங்குவதில் எடை மெஷின் தடுமாறும், டேப் அவ்வளவாகத் தடுமாறாது.

டிரிப்பு அன்னைக்கு

ஏலகிரிக்கு மேலே ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள். அதே 14-இல் இறங்கவும் வேண்டும். இங்கே கலோரியைவிட நேரக் கணக்கு முக்கியம்.

70 கிலோ எடை உள்ள ஒருவருக்கு ஒரு குவாட்டர் முழுக்க உடம்பை விட்டுப் போகத் தோராயமாக எட்டு மணி நேரம் ஆகும். ரூமில் ராத்திரி 11 மணிக்குத் தொடங்கியவர், சூரிய உதயம் பார்க்கக் காலை 5 மணிக்கு வண்டியை எடுத்தால், ரத்தத்தில் இன்னும் ஆல்கஹால் இருக்கும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தூங்கி எழுந்தாகிவிட்டது, முகம் கழுவியாகிவிட்டது, தெளிவாக இருப்பதுபோலத்தான் தோன்றும். பிளாக் காபி, எலுமிச்சை ஜூஸ், பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் கல்லீரலின் வேகத்தைக் கூட்டாது. முதல் நாள் ராத்திரி குடிக்காத ஒருத்தர் ஓட்டட்டும், இல்லையென்றால் இறங்கும் நேரத்தை மத்தியானத்துக்குத் தள்ளி வைக்கலாம்.

சுவாமிமலை ட்ரெக்கிங் பிளானில் இருந்தால் அதற்கு முந்தின ராத்திரியைச் சும்மா விடுவது நல்லது. நீர் வற்றிய உடம்போடு ஏறுவது கஷ்டம். நாலு வாரம் உழைத்ததே அந்த உச்சியில் ஒரு ஃபோட்டோ எடுக்கத்தான் என்றால், அன்றைக்கு முகம் வீங்கியிருக்க வேண்டாம்.

தினமும் குடிப்பவர்கள் கவனத்துக்கு

இதுவரை சொன்னதெல்லாம் வாரத்தில் ஒருநாள் குடிப்பவர்களுக்கு. பல மாதமாகத் தினமும் நிறையக் குடிப்பவர், டிரிப்புக்காக ஜிம்மில் சேர்ந்த அன்றே ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை என்று தொடங்கி, சிலருக்கு வலிப்பும் குழப்பமும் வரை போகும். பெரும்பாலும் நிறுத்திய முதல் மூணு நாளுக்குள் வரும். இவர்கள் மருத்துவரைப் பார்த்து, மாத்திரை உதவியோடு நிறுத்த வேண்டும். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி-யின் மனநல மையம் இருக்கிறது. போனில் கேட்க, மது மற்றும் போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104. வலிப்பு வந்தால் எதையும் யோசிக்காமல் 108.